புதுப்பிப்பு: இறுகிப்போயிருந்த சிங்கர் 28 இப்போது தைக்கிறது!

கைச்சக்கரம் அசையாமல், ஷட்டிலும் (கீழ்நூல் சுற்றிய பாபினை ஏந்தி ஓடும் பாகம்) இல்லாமல் இருந்த பழைய சிங்கர் 28 தையல் மெஷினை எப்படிச் சரிசெய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். மெஷின் பிழைத்துவிட்டது! துரு இல்லை, பழைய எண்ணெய்தான் காய்ந்து பிசினாகியிருந்தது. உராயும் இடமெல்லாம் மண்ணெண்ணெய் சொட்டி இரவு முழுக்க ஊறவிட்டேன். சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைக்க, பழுப்பாக அழுக்கு கசிந்தது; அப்புறம் முழுச் சுற்று. துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். பொன்னிறப் பூவேலை மேல் மட்டும் ஸ்பிரிட் (ஆல்கஹால்) படவே கூடாது. மேல்பூச்சு அரக்கு என்பதால் கரைந்துவிடும்.

ஷட்டில் தேடுகிறவர்கள் 28 என்று மட்டும் தேடாதீர்கள். 27, 127, 128 மாடல்களின் தோட்டா வடிவ ஷட்டிலும் நீள பாபினும் இதற்குப் பொருந்தும். எனக்குக் கிடைத்தது உடைந்த 127 ஒன்றிலிருந்து. வாங்குமுன் முனையை விரலால் தடவிப் பாருங்கள். சிறு கீறல் இருந்தாலும் நூல் அறும்.