நெட் போனிலிருந்து 911: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மூன்றாம்மாடி
எங்கள் வீட்டு லேண்ட்லைன் இணைய இணைப்பில் ஓடுவது. போன மாதம் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து நெற்றி கிழிந்துவிட்டது. கைக்கு எட்டியது அந்தப் போன்தான். அவசர உதவி எண் 911 அடித்தேன். அழைப்பை எடுத்த பெண்மணி தன் திரையில் தெரிந்த முகவரியைப் படித்தார். தெரு சரி, கட்டட எண் சரி. "எந்த பிளாக், எந்த வீடு?" என்று கேட்டார். அது அவர் திரையில் இல்லை. நான் பேசும் நிலையில் இருந்ததால் சொல்லிவிட்டேன். மாமனார் தனியாக இருந்து, எண்ணை அழுத்திய கையோடு மயங்கியிருந்தால் மூன்று பிளாக்கிலும் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்திருப்பார்கள்.

மறுநாள் போன் நிறுவனத்தின் தளத்தில் என் கணக்குப் பக்கத்தைத் திறந்தால் பில் முகவரி தனி, 911 முகவரி தனி. பில்லில் வீட்டு எண் முழுசாக இருக்கிறது. 911 கட்டத்துக்கு அதை நகலெடுத்தபோது அவர்கள் சிஸ்டமே வீட்டு எண் இருந்த இரண்டாம் வரியை வெட்டிவிட்டதாம். வாடிக்கையாளர் சேவையில் பேசிய பையன், "பில் ஒழுங்கா வருதில்ல சார்?" என்றான். பில் வந்தால் ஆம்புலன்ஸும் வந்துவிடும் என்று நினைப்பு போல!

அமெரிக்கத் தொலைத்தொடர்பைக் கட்டுப்படுத்தும் ஆணையமான எஃப்சிசி 2005லேயே விதி போட்டுவிட்டது. சாதாரணத் தொலைபேசி எண்களோடு பேசவைக்கும் இணையத் தொலைபேசி நிறுவனம், இணைப்பைத் திறக்கும் முன்பே வாடிக்கையாளர் இருக்கும் இடத்தை வாங்கிப் பதிய வேண்டும். அதை மாற்ற எளிய வழி தர வேண்டும். 911 வேண்டாம் என்று யாரையும் விலகவும் விடக்கூடாது. என்னிடமும் வாங்கிப் பதிந்தார்கள், பாதியை.

இரவுப்பணி
நெடுஞ்சாலை மோட்டல் ஒன்றில் இரவு வரவேற்பு வேலை எனக்கு. பழைய போன் அமைப்பில் வெளியே பேச முதலில் 9 அழுத்த வேண்டும். 2013ல் டெக்சஸ் மாநிலம் மார்ஷலில் ஒரு ஹோட்டல் அறையில் காரி ஹன்ட் என்ற பெண்ணைப் பிரிந்திருந்த கணவர் கொன்றபோது, 9 வயது மகள் 4 தடவை 911 அடித்தும் அழைப்பு போகவில்லை. அந்த முன் 9 அவளுக்குத் தெரியாது. காரி பெயரிலேயே சட்டம் வந்தது. 2020 பிப்ரவரி 16க்குப் பிறகு நிறுவும் இப்படிப்பட்ட அமைப்புகளில் 911 நேரடியாகப் போக வேண்டும், அழைப்பு போனது முன்மேசைக்கோ வேறு பொறுப்பான இடத்துக்கோ தெரியவும் வேண்டும்.

எங்களுடைய புது அமைப்பு இணையவழி. ஒரு ராத்திரி திரையில் சிவப்புப் பட்டையில் '911 – அறை 118' என்று வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சர்க்கரை இறங்கி ஒருவர் படுக்கையோடு சரிந்து கிடக்கிறார். மனைவிக்கு ஆங்கிலம் தடுமாற்றம், போனில் அழுதுகொண்டிருந்தார். 118க்குப் பக்கத்திலேயே பக்கவாட்டுக் கதவு. அதைத் திறந்து கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸ்காரர்களை அந்தப் பக்கமே வரச் சொன்னேன். முன்வாசல் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார்.

ஹெட்செட்
அலுவலகத்தில் போன் அமைப்பைப் பார்த்துக்கொள்வது நான்தான். எங்கள் ஆட்கள் மடிக்கணினியிலேயே பேசுகிறார்கள், அதனால் இடம் தினம் மாறும். 911 அழைப்போடு இடமும் போக வேண்டும் என்கிற அமெரிக்காவின் ரே பாம் சட்டத்தின்படி வந்த விதிகள் 2022 ஜனவரி 6 முதல் இந்த மாதிரி இடம்மாறும் சாதனங்களுக்கும் பொருந்தும். தெரு மட்டும் போதாது, மாடி, அறை என்று ஆளைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு விவரம் தானாகப் போக வேண்டும். தானாகக் கிடைக்காத இடத்தில் பயனரே தட்டச்சு செய்தது போகும். நெட்வொர்க் மாறும்போதெல்லாம் 'நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?' என்று செயலி கேட்கும். நம்ம ஜனம் 'பிறகு' என்பதை அழுத்திவிட்டுப் போய்விடும்.

மூன்றாம்மாடி, உங்கள் சேவையில் 933 இருக்கிறதா பாருங்கள். பல நிறுவனங்களில் அது சோதனை எண், பதிந்திருக்கும் முகவரியை இயந்திரக் குரல் வாசிக்கும். வேறு மாநிலத்தில் அக்கா வீட்டிலிருந்து வேலைசெய்த ஒரு பெண்ணை அடிக்கச் சொன்னேன். எங்கள் தலைமை அலுவலகத்தின் பதினான்காவது மாடியைத் திருத்தமாக வாசித்தது! அன்றைக்கே 'பிறகு' பொத்தானைத் தூக்கிவிட்டேன். திட்டுகிறார்கள், திட்டட்டும்.

வடகாற்று
கனடாவில் எங்கே வேண்டுமானாலும் எடுத்துப்போகும் இணையப் போனில் 911 அடித்தால் முதலில் இடைமையம் ஒன்றுதான் எடுக்கும். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அந்த ஊர் 911க்கு மாற்றும். பக்கத்து வீட்டில் புகை வந்தபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் 2008ல் கால்கரியில் நடந்தது நினைவிருக்கிறதா? ஒன்றரை வயதுக் குழந்தைக்காக இணையப் போனில் அழைத்தார்கள். குடும்பம் முன்பு இருந்த ஒன்டாரியோ முகவரிக்கு ஆம்புலன்ஸ் அனுப்பப்பட்டது. குழந்தை இறந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

பழையமோடம்
முகவரியை மட்டும் பேசுகிறீர்கள், கரண்ட் போனால்? செம்புக் கம்பி போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். இணையப் போனுக்கு மோடமும் ரவுட்டரும் உயிரோடு இருக்க வேண்டும். பனிப்புயலில் எங்கள் தெருவே இருண்டபோது டயல் டோன் கூட இல்லை. இப்போது இரண்டையும் கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடவைக்கும் சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டியிருக்கிறேன். கூடவே சிம் இல்லாத பழைய செல்போன் ஒன்றைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் சிம் இல்லாமலும் 911 போகும். ஆனால் துண்டித்தால் அவர்களால் திரும்ப அழைக்க முடியாது, நாம்தான் மறுபடி அடிக்க வேண்டும். 3ஜி மட்டும் உள்ள போனை வைத்துக்கொள்ளாதீர்கள், 2022லேயே அந்தக் கோபுரங்களை அணைத்துவிட்டார்கள்.