மறு: ஆட்டோ கியர் எண்ணெய்க்குத் தமிழ் என்ன?

வணக்கம். யாழ்ப்பாணத்தில் மோட்டார் மெக்கானிக் வகுப்பு எடுக்கிறேன். திங்கட்கிழமை பாடக்குறிப்பு அச்சுக்குப் போக வேண்டும், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒட்டோ கியர் காருக்கு விடும் சிவப்பு ஒயிலைத் தமிழில் எப்படி எழுதுவது?

போன மாதம் ஒரு பழைய கொரோலாவுக்கு ஒயில் மாற்றினோம். பத்து நாள் கழித்து ஒயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்தால் தேநீர்ச் சாயம். "சேர், கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இல்லை. அடி நட்டைக் கழற்றினால் இறங்குவது மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான், மீதி எஞ்சின் விசையைக் கியர்ப்பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கன்வேட்டருக்குள்ளேயே கிடந்து புதியதையும் கறுக்க வைக்கும். இதை விளக்கி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே பெயர் இல்லை. மசகெண்ணெய் என்று போடலாமா?

---

> மசகெண்ணெய் என்று போடலாமா?

தாராளமாக. கோவையில் நாங்கள் அப்படித்தான் எழுதுகிறோம். உயவு எண்ணெய் என்றும் உண்டு. ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட் என்பதைச் சுருக்கி ஏ.டி.எஃப். என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், இங்கே பேப்பரில் அது விமான எரிபொருள்.

---

அண்ணா, அங்கே சரி. இங்கே மசகு எண்ணெய் என்றால் உங்கள் கச்சா எண்ணெய். செய்தியில் பீப்பாய் விலை சொல்வார்களே, அது. கியர்ப்பெட்டிக்குள் அதை ஊற்றச் சொல்லி நான் குறிப்பு எழுதினால் என்ன ஆகும்!

---

மசகு என்பதே மாட்டுவண்டி அச்சுக்குப் போடும் கறுப்பு மை. பிறக்கும்போதே கறுப்பு. கறுப்பதையே குறையாகச் சொல்லும் பாடத்தில் அது எப்படிப் பொருந்தும்? உயவும் வேண்டாம், பழைய இலக்கியத்தில் உயவு என்றால் வருத்தம். எண்ணெயோ எள் + நெய், ளகரம் ணகரமாகி நகரத்தையும் இழுத்துக்கொண்டது. கொரோலாவில் எள் எங்கே வந்தது? நெய் என்னும் வேர் போதும். நெய்ப்பு, நெய்த்தல், அப்புறம் நெய்த்தோர். நெய்த்தோர் என்றால் குருதி. இதுவும் சிவப்பு, இதுவும் உள்ளே சுற்றி வருவது, கெட்டால் கறுப்பது. பொறிநெய்த்தோர் என்று வைத்தால் என்ன?

---

ஐயா, கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். பட்டறைப் பையன் "குருதி ஒழுகுது" என்று வண்டிக்காரரிடம் சொன்னால் அவர் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவார். எள் வாதமும் நிற்காது, தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் எப்போதோ அதைத் தாண்டிவிட்டன.

என் கவலை வேறு. வழுக்க வைப்பது இதன் வேலையில் ஒன்றுதான். அழுத்தத்தைக் கடத்தி வால்வுகளை நகர்த்துவதும் இதுதான், சூட்டை வெளியே கொண்டுபோவதும் இதுதான். கிளட்ச் தட்டுகள் அளவாகப் பற்றவும் வேண்டும், ரொம்ப வழுக்கினால் வண்டி இழுக்காது. ஆகவே "விசைகடத்து பாய்மம்" என்பேன். பாய்ந்தோடும் பொருள் எதுவும் பாய்மம்தானே.

---

பாய்மத்தை நாங்கள் பாயி என்று படித்தோம். வகுப்பில் சொன்னால் பின்வாங்கில் ஒருவன் சுருட்டிக்கொண்டு படுப்பதுபோல் காட்டுவான், அவ்வளவுதான். செந்நெய் நன்றாக இருக்குமா?

---

செந்நெய் அழகுதான். ஆனால் பல்சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடும் சி.வி.டி. பெட்டி எண்ணெய் சிலது பச்சை. போதாததற்கு உங்கள் பாடமே சிவப்பு போனதைப் பற்றி. இன்னொன்று, கறுத்ததை வைத்து மட்டும் கெட்டது என்று எழுதிவிடாதீர்கள். முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். காந்தல் வாடை அடித்தால் தட்டு தீய்ந்திருக்கிறது, அப்போது வெறும் எண்ணெய் மாற்றினால் பலனில்லை.

---

வாடை விஷயத்தைச் சேர்த்துவிட்டேன், நன்றி. அச்சகத்துக்கு "தானியங்கிக் கியர் எண்ணெய்" என்று கொடுத்தாயிற்று. மூன்று பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் பதில் போடவில்லை. பிள்ளைகள் என்னவோ இன்னும் சிவப்பு ஒயில் என்றுதான் சொல்கிறார்கள், கறுத்த பிறகும்.

---

கொடுத்தது கொடுத்ததாக இருக்கட்டும். ஆனால் கியருக்கு நான் உடன்படவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். கியருக்குத் தமிழான பல்லிணை பற்றி நாளை தனி மடல் எழுதுகிறேன், சற்று நீளமாக இருக்கும்.