இணையப் பாடங்களின் கிரெடிட்டைப் பட்டத்தில் சேர்த்தவர்கள் உண்டா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன், கையில் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயம். பட்டப்படிப்பை எப்படியாவது முடித்தே ஆக வேண்டும். மகன் தூங்கிய பிறகுதான் மடிக்கணினியைத் திறக்க முடிகிறது.

சோஃபியா போன்ற இணையப் பாடத் தளங்களில் மாதச் சந்தா கட்டிப் பாடம் முடித்தால், அமெரிக்கக் கல்வி மன்றம் அதற்கு கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு, பரிந்துரைக்கிறது. ஆனால் அது பரிந்துரை மட்டுமே. ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம். இப்படி வரும் கிரெடிட்டைத் தாராளமாக ஏற்பதால், அமெரிக்காவின் தாமஸ் எடிசன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர நினைக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து இந்த வழியில் போனவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? பட்டய மதிப்பெண் பட்டியலை, வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்க கிரெடிட்டாகக் கணக்கிடும் எந்த மதிப்பீட்டு நிறுவனம் வழியாக அனுப்பினீர்கள்? எத்தனை கிரெடிட் தேறியது? எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே வேலைக்குப் போனபோது அந்தப் பட்டத்தை மதித்தார்களா? சந்தா கட்டுவதற்குள் தெரிந்தால் பேருதவி.