மறு: ‘போல்டிங்’ – முன்பூப்பா, தண்டோட்டமா?

குழுவினருக்கு வணக்கம்.

இலைக்காகவோ வேருக்காகவோ வளர்க்கும் செடி பூக்கும் தண்டை விரைந்து நீட்டிவிடுவதை ஆங்கிலத்தில் ‘போல்டிங்’ (bolting) என்பார்கள்; அதற்கான தமிழ்க் கலைச்சொல்லாக வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். குடியாத்தத்து அம்மையார் முன்வைத்த ‘முன்பூப்பு’ செவிக்கு இனிதாக இருக்கிறது. ஆயினும் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

காட்பாடியில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் மாசிக் கடைசியில் விதைத்த கொத்தமல்லியை வைத்தே சொல்கிறேன். தழையை இரண்டு முறை கிள்ளுவதற்குள் நடுவிலிருந்து ஒரு தண்டு விறுவிறுவென்று உயர்ந்தது. அடியில் விசிறிபோல் அகன்ற இலைகளும், தண்டின் மேலே சோம்புச் செடிக்கு இருப்பதுபோல் நூல்நூலாகப் பிரிந்த இலைகளுமாகச் செடியின் உருவமே மாறிவிட்டது. பூ இன்னும் கண்ணில் படவில்லை. தழையோ அதற்குள் பழைய மணத்தை இழந்துவிட்டது. நீண்ட பகலும் இதைத் தூண்டும் என்பார்கள். ஆனால் வேலூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை ஒட்டித்தான் அமைகிறது. ஆகவே நம் ஊரில் முதல் குற்றவாளி வெயில்தான்.

தண்டு நீள்வதும் பூ அரும்புவதும் பெரும்பாலும் சேர்ந்தே வந்தாலும் அவை இருவேறு செயல்கள். நெற்பயிரை அளவுக்கு மீறி நெட்டையாக்கும் ஒரு பூஞ்சை நோயை 1926இல் ஜப்பானில் குரோசாவா ஆராய்ந்ததன் வழியே தெரியவந்த ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஊக்கியை, இலைகள் தரையோடு அடுக்காக இருக்கும் செடிகள் சிலவற்றுக்குத் தெளித்தால், பூக்கும் சூழல் இல்லாதபோதும் தண்டு மட்டும் நீள்வதுண்டு. பெயர் தண்டின் மேல் நிற்கவேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம்.

‘முன்’ என்பதிலும் சிக்கல் இருக்கிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மல்லியை விதைக்காகவே மானாவாரியில் பயிரிடுகிறார்கள். அங்கே தண்டு எழுந்து பூத்தால்தான் மகசூல். தழை வேண்டுபவருக்கு மட்டுமே அது முந்திவிட்டதாகப் படுகிறது. கலைச்சொல் நிகழ்வைச் சொன்னால் போதும்; நம் ஏமாற்றத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை.

ஆகவே ‘தண்டோட்டம்’ என்கிறேன். வேர் ஓடுகிறது, கொடி ஓடுகிறது என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். ‘வேரோட்டம்’ பழகிய சொல். இதற்கு ஆரணி நண்பர் எழுப்பிய தடை கூர்மையானது: ‘தண்டோடு’ என்று வினையாக்கினால், ‘தண்டோடு பறித்தான்’ என்பதில் உள்ள வேற்றுமை உருபோடு குழம்பும். உண்மைதான். ஆனால் ‘தண்டு ஓடிவிட்டது’, ‘தண்டு ஓடிய முள்ளங்கி’ என்று பிரித்து எழுதினால் குழப்பம் எழாது. அவர் மாற்றாகச் சொன்ன ‘தண்டெடுப்பு’ எனக்கும் பிடித்ததே. என்ன செய்வது, பழைய வழக்கில் தண்டு என்றால் படையும் ஆகும், கொத்தமல்லி கோட்டையை முற்றுகையிட வந்ததுபோல் ஒலிக்கிறது!

எழுந்து நிற்கும் உறுப்பைப் ‘பூந்தண்டு’ எனலாம். வெங்காயத்தில் இந்த வேறுபாடு தேவைப்படுகிறது. அங்கே தண்டோட்டத்தைத் தூண்டுவது வெயிலன்று, குளிர். பூந்தண்டு எழுந்த வெங்காயத்தின் நடுவில் கெட்டியான தண்டு நின்றுவிடுவதால் அது நெடுநாள் இருப்பில் தாங்காது.

பதிவுக்கு நான் முன்மொழியும் விளக்கம் இது: ‘தண்டோட்டம் – இலை, வேர் அல்லது குமிழுக்காக வளர்க்கும் செடியில், வெப்பம், குளிர், பகல் நீளம் போன்ற தூண்டுதலால் பூந்தண்டு விரைந்து நீள்தல்.’ சந்தையில் முள்ளங்கியைப் பற்றிச் சொல்லும் ‘பூவுக்குப் போய்விட்டது’ என்பதையும் பேச்சுவழக்கு என்ற குறிப்போடு கீழே சேர்க்கலாம். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்து உறுப்பினர்கள் கீரை பயிரிடுவோரிடம் வேறு சொல் கேட்டிருந்தால், பதிவை முடிப்பதற்கு முன் எழுத வேண்டுகிறேன்.