நுண்புழை ஏற்ற முறையில் நீரின் பரப்பு இழுவிசை மிகக் குறைவாக வருகிறது: காரணம் நீரா, கண்ணாடியா?

கேள்வி: கல்லூரி ஆசிரியை, இயற்பியல் செய்முறை வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். இளநிலை மாணவர்களுக்கான நுண்புழை ஏற்றச் சோதனையில் (மெல்லிய கண்ணாடிக் குழாயில் நீர் தானாக ஏறும் உயரத்தை அளப்பது) நீரின் பரப்பு இழுவிசை எதிர்பார்த்ததைவிடப் பெரிதும் குறைகிறது. ஆய்வகத்தின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். நகரும் நுண்ணோக்கியால் அளந்தபடி 0.50 மி.மீ. ஆரமுள்ள குழாயில் பிறைத்தளத்தின் (குழாயினுள் நீரின் வளைந்த மேற்பரப்பின்) அடிப்பகுதி 23.8 மி.மீ. உயரத்தில் நிற்கிறது, கணக்கிட்டால் மீட்டருக்கு ஏறத்தாழ 58 மில்லிநியூட்டன் கிடைக்கிறது. 0.30 மி.மீ. ஆரமுள்ள இன்னொரு குழாயில் உயரம் 45.0 மி.மீ., விடை 66. மாணவர்களின் கையேட்டில் 72.8 என்று அச்சாகியுள்ளது.

வாலைவடிநீரைத்தான் (காய்ச்சி வடித்த நீர்) பயன்படுத்துகிறோம். குழாய்களை டிடர்ஜென்ட் கரைசலில் கழுவி, குழாய் நீரில் அலசி, அழுத்தக் காற்றைச் செலுத்தி உலர்த்துகிறோம். சேர்கோணத்தை, அதாவது நீர்ப்பரப்பு குழாய்ச் சுவரைத் தொடும் கோணத்தை, சுழி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பிழை எங்கே இருக்கிறது என்பதை எவ்வாறு பிரித்தறிவது? கையேட்டு மதிப்புக்கு நெருக்கமான விடையை மாணவர்கள் தாங்களாகவே எழுதிக்கொள்ளும் நிலைக்கு இது அவர்களைத் தள்ளிவிடும் என்பதே என் கவலை.

மறுமொழி 1: புறப்பரப்பு வேதியியல் கற்பிப்பவர்

வணக்கம் அம்மா. முதலில், 72.8 என்பது 20 டிகிரிக்கு உரிய மதிப்பு. வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் நீரின் பரப்பு இழுவிசை ஏறத்தாழ 0.15 குறையும், ஆகவே உங்கள் ஆய்வகத்தில் நீங்கள் ஒப்பிட வேண்டிய மதிப்பு 71.2 மட்டுமே.

அடுத்து, உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி நீங்கள் தந்த எண்களிலேயே உள்ளது. ஒரே நீரில் நின்ற இரு குழாய்களும் இருவேறு விடைகளைத் தருகின்றன. நீரின் பரப்பில் சோப்போ எண்ணெயோ படிந்து பரப்பு இழுவிசையே குறைந்திருந்தால், இரு குழாய்களிலும் ஏறத்தாழ ஒரே குறைந்த மதிப்பு வந்திருக்கும். விடை குழாய்க்குக் குழாய் மாறுவதால், நீரைவிடக் கண்ணாடியையே நான் ஐயுறுகிறேன். நீரின் இழுவிசை 71.2 என்றே வைத்துக்கொண்டால், முதல் குழாயில் சேர்கோணத்தின் கொசைன் 0.82, அதாவது கோணம் ஏறத்தாழ 35 டிகிரி. சுத்தமான கண்ணாடியில் அது சுழிக்கு மிக அருகில் இருக்க வேண்டும்.

இதை உறுதிசெய்ய ஒரு எளிய வழி உண்டு. உலர்ந்த குழாயை நீரில் நிறுத்தி, நீர் தானாக ஏறி நிற்கும் உயரத்தை அளவிடுங்கள். பிறகு குழாயை நீருக்குள் ஆழமாக இறக்கி, மெதுவாக மேலே தூக்கி, ஏற்கெனவே நனைந்த சுவரின் மீது பிறைத்தளம் இறங்கி நிற்கும் உயரத்தையும் அளவிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் கண்ணாடியில் அழுக்கு உள்ளது. இரண்டும் சமமாகவும் குறைவாகவும் இருந்தால் நீரில் அழுக்கு உள்ளது.

மறுமொழி 2: தர ஆய்வகத்தில் பணிபுரிபவர்

முந்தைய மறுமொழியுடன் உடன்படுகிறேன்; ஆயினும் நீரை முழுவதுமாக விடுவித்துவிட வேண்டாம். வாலைவடிநீர் ரப்பர்க் குழாய் வழியாக வருகிறதா, அல்லது கிரீஸ் தடவிய திறப்பு கொண்ட கலனிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். கரைந்த உப்பு சிறிதளவு இருந்தால் பரப்பு இழுவிசை பெரிதாக மாறாது. ஆனால் எண்ணெய்ப் பசை கொண்ட மூலக்கூறுகள் நீரின் உட்புறத்தை விட்டு மேற்பரப்பிலேயே திரள்வதால், மிகச் சிறிய அளவே போதுமானது. நீர்ப்பரப்பின் தூய்மை எவ்வளவு முதன்மையானது என்பதை ஜெர்மானியப் பெண்மணி ஆக்னஸ் பாக்கல்ஸ் தம் வீட்டுச் சமையலறையில், ஒரு தகரத் தொட்டியையும் அதன் குறுக்கே நகரும் தகரப் பட்டையையும் கொண்டே நிறுவினார். இயற்பியலறிஞர் ரேலியின் பரிந்துரையால் அவருடைய கடிதம் 1891இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. ஆய்வுக்கூடமோ பல்கலைக்கழகப் பட்டமோ இல்லாத ஒருவர் செய்த அந்தப் பணியை மாணவர்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் கையாண்ட வழி உங்களுக்கும் பயன்படும்: முகவையை விளிம்பு வரை நிரப்பி, சுத்தமான பட்டை ஒன்றால் மேற்பரப்பை ஒருபுறமாகத் துடைத்துவிட்டு அளவீட்டைத் தொடங்குங்கள்.

அழுத்தக் காற்றைக் கட்டாயம் நிறுத்துங்கள். கம்பிரசரிலிருந்து வரும் காற்றில் எண்ணெய்த் துளிகள் கலந்திருக்கும். நீங்கள் கழுவிய கண்ணாடியின் உட்சுவரில் அவையே படியும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. முதல் குழாயில் நீர் தானாக ஏறியபோது 23.8 மி.மீ., நீருக்குள் இறக்கித் தூக்கியபோது 28.4 மி.மீ. நீரை மாற்றியும் பரப்பைத் துடைத்தும் பார்த்தேன். ஏறும் உயரம் மாறவில்லை. கண்ணாடிதான் என்பது தெளிவாகிவிட்டது. இதைக் குரோமிக் அமிலத்தால் கழுவலாமா?

மறுமொழி 1

முதலாண்டு மாணவர்கள் புழங்கும் இடத்தில் வேண்டாம். அதிலுள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. கழிவை அகற்றுவதும் எளிதன்று. மாறாக, எத்தனாலால் அலசிய பின், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்த ஆல்கஹாலில் குழாய்களைச் சில நிமிடங்கள் மட்டும் வையுங்கள்; நெடுநேரம் வைத்தால் அது கண்ணாடியையே அரிக்கும். பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் கையுறையும் அணிந்து, அருகில் தீ இல்லாமல், ஆசிரியர் ஒருவரே இதைச் செய்ய வேண்டும். பிறகு வாலைவடிநீரால் பலமுறை அலசி, பயன்படுத்தும் வரை அந்நீருக்குள்ளேயே மூழ்கவையுங்கள். சுத்தமான கண்ணாடி காற்றிலுள்ள கரிம ஆவிகளைத் தன் மீது விரைவாகக் கவர்ந்துகொள்ளும். அதனால் உலர்த்தி வைப்பது பயன் தராது. உட்சுவரில் நீர் துளித்துளியாகப் பிரியாமல் தொடர்ந்த படலமாக நின்றால் குழாய் தயார். குழாயில் வாய் வைத்து உறிஞ்ச யாரையும் அனுமதிக்காதீர்கள்.

கேட்டவர்

அப்படியே செய்தேன். இப்போது இரு வழிகளிலும் 28.5 மி.மீ. கிடைக்கிறது. பிறைத்தளத்திற்கான திருத்தமாக ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கை உயரத்துடன் கூட்டினால் விடை 69.8. எஞ்சியுள்ள 2 விழுக்காடு எங்கே போயிற்று?

மறுமொழி 2

ஆரத்தில் தேடுங்கள். நுண்ணோக்கியின் மீச்சிற்றளவு (அதனால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 மி.மீ.; விட்டத்தில் இரண்டு பிரிவுகள் தவறினாலே 2 விழுக்காடு வந்துவிடும். துளை முழு வட்டமாக இருப்பதும் அரிது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் விட்டத்தை அளந்து சராசரி எடுங்கள். கூடுமானால் பிறைத்தளம் நின்ற இடத்தில் குழாயை வெட்டி அங்கே அளவிடுங்கள்.

கேட்டவர்

பிறைத்தளம் நின்ற இடத்திலேயே வெட்டிப் பார்த்தேன்; ஒரு திசையில் 1.00 மி.மீ., மறு திசையில் 1.04. சராசரி ஆரம் 0.51 என்று கொண்டால் 71.2 வருகிறது. இனிச் செய்முறை ஏட்டின் அட்டவணையில் ஏறும் உயரம், இறங்கும் உயரம், இரு திசை விட்டங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகளைச் சேர்க்கிறேன். இரு உயரங்களும் ஒத்துவராத குழாயை மாணவர்கள் கணக்கில் சேர்க்காமல் திரும்பக் கழுவத் தர வேண்டும்.