கார்னிவல் நாவலைப் படமாக்கும்போது முடிவை மாற்றலாமா?

கேள்வி (சுங்கை சிப்பூட்):
வணக்கம். வில்லியம் லிண்ட்சே கிரெஷாமின் ‘நைட்மேர் ஆலி’, கார்னிவல் எனப்படும் ஊர் ஊராகச் செல்லும் கேளிக்கைக் காட்சியில் தொடங்கும், 1946-இல் வெளிவந்த நாவல். 1947-இல் எட்மண்ட் கோல்டிங்கும் 2021-இல் கியெர்மோ டெல் டோரோவும் அதைத் திரைப்படமாக்கினர். தோட்டத்துப் பன்பேரை (ராட்டினம், கூடாரங்கள் கொண்ட கேளிக்கைச் சந்தையை) களமாகக் கொண்டு அத்தகைய இருண்ட குறும்படம் ஒன்றை எடுக்க விரும்புகிறேன். முடிவை எவ்வாறு அமைப்பது?

மறுமொழி 1:
தம்பி, முடிவை மென்மையாக்க வேண்டாம். உயிருள்ள கோழியைக் கடித்துக் காட்டும் குடிகாரனைத் தொடக்கத்தில் அருவருப்போடு பார்க்கும் நாயகன், கடைசியில் அதே வேலைக்கு அமர்த்தப்படுகிறான் என்பதில்தான் நாவலின் முழு வலிமையும் இருக்கிறது. 1947 படம் அங்கே நிற்காமல், அவனை நேசித்த மோலியை மீண்டும் கொண்டுவந்து மீட்சிக்கு வழிவிடுகிறது. டெல் டோரோவோ அந்த வேலையை அவன் ஏற்கும் கணத்திலேயே, சிரிப்பும் அழுகையும் கலந்த முகத்தோடு படத்தை முடித்துவிடுகிறார். எனக்கு அதுவே நேர்மையாகப் படுகிறது.

மறுமொழி 2:
ஐயாவின் கருத்தை ஏற்கிறேன். ஆயினும் அந்த வீழ்ச்சி பார்வையாளரைத் தாக்க வேண்டுமானால், அவனுடைய எழுச்சியை முதலில் நம்பவைக்க வேண்டும். நாவலில் விரியும் உள்மனத்தைப் பின்னணிக் குரலில் ஒப்பிக்காதீர்கள். மனத்தைப் படிப்பதாக நடிக்கும் அவனது மேடைக் காட்சியில், கண்கட்டியவருக்குக் கேள்வியின் சொற்களாலேயே விடையை உணர்த்தும் சங்கேத முறையைக் காட்டினால், பிறர் துயரத்தை அவன் எப்படி வணிகமாக்குகிறான் என்பது தானாகவே விளங்கும். ராட்டினத்தின் விளக்குகளைவிட, வெளிச்சம் எட்டாத கூடாரப் பின்புறமே உங்கள் கதைக்கு உரிய இடம்.

கேட்டவர்:
நன்றி அக்கா, நன்றி ஐயா. சங்கேதக் காட்சியை முதலில் எழுதி இங்கே பகிர்கிறேன்.