உபுண்டுவில் நிர்வாகி உரிமை போய்விட்டது: அவசர உதவி தேவை

பொன்வண்டு:
வணக்கம் நண்பர்களே. இன்று காலையிலிருந்து உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) உள்ள என் மடிக்கணினியில் சூடோ (நிர்வாகி உரிமையுடன் செயல்பட உதவும் கட்டளை) வேலை செய்யவில்லை. கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் மறுக்கிறது. நாளை மறுநாள் கல்லூரியில் திட்டப்பணியைச் சமர்ப்பிக்க வேண்டும். கோப்புகளை இழக்காமல் சரிசெய்ய வழி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

மழைத்துளி:
எந்தப் பதிப்பு? திரையில் வரும் பிழைச்செய்தியை ஒரு சொல்லும் விடாமல் எழுதுங்கள். கடவுச்சொல் தவறு என்று வருவதும், உரிமை இல்லை என்று வருவதும் வெவ்வேறு சிக்கல்கள்.

கரிசல்காடு:
விசைப்பலகையைப் பாருங்கள். எனக்கு இப்படி நடந்தபோது அது தமிழ்99க்கு மாறியிருந்தது. கடவுச்சொல் திரையில் தெரியாததால் அரைநாள் வீணானது.

பொன்வண்டு:
உபுண்டு 22.04. விசைப்பலகை சரியாகத்தான் இருக்கிறது. என் பெயர் சூடோயர்ஸ் கோப்பில் (சூடோவைப் பயன்படுத்த யாருக்கு அனுமதி என்று சொல்லும் கோப்பு) இல்லை என்று செய்தி வருகிறது. நேற்று மாலை டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் மென்பொருள்) நிறுவினேன். அதற்குப் பிறகும் சூடோ வேலை செய்ததால், தொடர்பிருக்காது என்று எண்ணிச் சொல்லாமல் விட்டேன்.

கரிசல்காடு:
அப்படியானால் சூடோயர்ஸ் கோப்பின் அனுமதி மாறியிருக்கும். அது 0440 ஆக, அதாவது படிக்க மட்டும், இருக்க வேண்டும்.

பனைமரம்:
கோப்பின் அனுமதி கெட்டிருந்தால் சூடோ அதைக் குறிப்பிட்டே சொல்லும். ஊகித்து எழுதுவதற்கு முன் செய்தியைப் படிக்கப் பழகுங்கள். பொன்வண்டு, டாக்கர் குழுவில் உங்களைச் சேர்க்க யூசர்மாட் (பயனர் கணக்கை மாற்றும்) கட்டளையைப் பெரிய ஜி மட்டும் போட்டு, சிறிய ஏ இல்லாமல் கொடுத்தீர்களா? கையேட்டில் தெளிவாக எழுதியிருப்பதைப் படிக்காமல் கட்டளையை ஒட்டுகிறவர்களை இங்கே வாரந்தோறும் பார்க்கிறேன். ஏ இல்லாவிட்டால், நிர்வாகி உரிமை தரும் சூடோ குழு உட்பட பழைய கூடுதல் குழுக்கள் அனைத்தும் நீங்கி, நீங்கள் எழுதிய குழு மட்டும் எஞ்சும். குழுப் பட்டியல் உள்நுழையும்போதே பிடிக்கப்படுவதால், நேற்றைய அமர்வு முடியும்வரை சூடோ ஓடியது.

பொன்வண்டு:
ஆம் ஐயா, அப்படித்தான் கொடுத்தேன். குரூப்ஸ் என்று தட்டினால் என் பெயரும் டாக்கரும் மட்டுமே வருகின்றன.

மழைத்துளி:
கவலை வேண்டாம், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. கணினியை மறுதொடக்கம் செய்து, தொடங்கும்போதே எஸ்கேப் விசையைத் தட்டுங்கள்; பழைய பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். மேம்பட்ட விருப்பங்களில் ரெக்கவரி மோடைத் (மீட்பு நிலை) தேர்ந்து, ரூட் ஷெல்லுக்குச் (முழு உரிமை கொண்ட ரூட் கணக்கின் கட்டளைத் திரை) செல்லுங்கள். அங்கே வட்டு படிக்க மட்டுமே திறந்திருக்கக்கூடும் என்பதால், மவுன்ட் கட்டளையால் அதை எழுதும் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உடனே யூசர்மாட் கொடுத்துவிடாதீர்கள்: அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவில், குழுப் பட்டியல் உள்ள குரூப் கோப்பின் அருகே, பெயரின் இறுதியில் சிறு கோட்டுடன் அதன் முந்தைய பிரதி இருக்கும். அடுத்த மாற்றம் அதன்மேல் எழுதிவிடும். ஆகவே முதலில் அதைத் திறந்து, உங்கள் பெயர் எந்தெந்தக் குழுக்களில் இருந்தது என்று தாளில் குறித்துக்கொண்டு, பிறகு ஏ, ஜி இரண்டையும் சேர்த்து சூடோ உட்பட அனைத்திலும் உங்களைச் சேருங்கள்.

ஆலமரநிழல்:
கடவுச்சொல்லே கேட்காமல் எவரும் ரூட் ஆகிவிடலாம் என்பது எனக்குக் கவலையளிக்கிறது. டெபியன் (உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ்) நிறுவும்போது ரூட்டுக்குத் தனிக் கடவுச்சொல் வைக்கலாம். வைத்திருந்தால் இந்தத் தவறே இவரை முடக்கியிருக்காது, ரெக்கவரி வழியும் அதைக் கேட்டிருக்கும்.

பனைமரம்:
கணினியே கைக்கு வந்தவர் யூஎஸ்பியிலிருந்து தொடங்கினால் உங்கள் ரூட் கடவுச்சொல் எதைத் தடுக்கும்? வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்வதே காப்பு.

ஆலமரநிழல்:
திருடனைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. நான் சொல்வது, தன் தவறாலேயே வெளியே நிற்பவருக்கு இரண்டாவது சாவி இருக்க வேண்டும் என்பது. கணினியில் இன்னொரு நிர்வாகிக் கணக்கு வைத்திருந்தாலும் போதும்.

பொன்வண்டு:
சூடோ திரும்பிவிட்டது. பழைய பிரதியில் பார்த்த ஏடிஎம், எல்பிஅட்மின், பிளக்டெவ் குழுக்களிலும் சேர்ந்துவிட்டேன். மழைத்துளிக்கும் பனைமரம் ஐயாவுக்கும் மிக்க நன்றி. திட்டப்பணிக்குச் செல்கிறேன்.